ஷிஃப்பில் பிடித்து வைத்த இடம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பேய் பிசாசுக் கதைகளை நம்புகிற ஆள் இல்லை. நம்பாதது மட்டுமல்ல, நம்புகிறவர்களை இருத்தி வைத்துக் கேலி செய்தவன். வல்வெட்டித்துறையில் எங்கள் ஐயா பாய்க்கப்பல் ஓட்டிய தண்டயல், அதாவது கப்பலுக்குத் தலைவர். ஐயாவின் ஆட்கள் கப்பல் ஏறுவதற்கு முன் பார்க்காத சகுனம் இல்லை, எந்தக் காலை முதலில் வைப்பது, யார் எதிரே வரக்கூடாது, வாயால் என்ன சொல்லக்கூடாது என்று ஒரு பட்டியலே வைத்திருந்தார்கள். நான் உயர்தரத்தில் பௌதிகம் படித்த திமிரில் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் சிரித்துத் தள்ளினேன். அப்படிப்பட்டவன் சொல்கிறேன் என்பதற்காகவாவது கேளுங்கள். கேட்டுவிட்டு என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள், எனக்குக் கோபம் வராது. வந்தாலும் காட்டமாட்டேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. நான் இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். அகதி விண்ணப்பம் கொடுத்து ஒன்றரை வருடம், பதில் இல்லை. டொச்சு, அதாவது ஜெர்மன் மொழியில் எனக்குத் தெரிந்தது ஒரு கைப்பிடிச் சொற்கள்தான், அவற்றையும் தமிழ்க் கணக்கிலேயே அடுக்கிப் பேசுவேன். வேலை முடிந்து வெளிக்கிடும்போது நாங்கள் என்ன சொல்வோம்? போறன் என்று சொல்லமாட்டோம், அது அபசகுனம், வாறன் என்போம். அதை அப்படியே மொழிபெயர்த்து, தலைமைச் சமையல்காரரிடம் "இஷ் கொம்மெ" என்று சொல்லிவிட்டு நான் பாட்டுக்கு அறைக்குப் போய்ப் படுத்துவிடுவேன். அதற்கு அவர்களுடைய மொழியில் நான் வருகிறேன், இதோ வந்துகொண்டிருக்கிறேன் என்றுதான் அர்த்தம். அந்த மனிதர் ஒரு நாள் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பனியில் அரைமணி நேரம் எனக்காகக் காத்து நின்றிருக்கிறார். மறுநாள் என்னைக் கூப்பிட்டு, போகும்போது அப்படிச் சொல்லாதே, சூஸ் என்று சொல் என்று பாடம் எடுத்தார். குசினியே சிரித்தது, நானும் சேர்ந்து சிரித்தேன். இந்த விசயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

என் தம்பி குணம் அப்போது பக்கத்து நாடான ஜெர்மனியில் இருந்தான். என்னைவிட ஆறு வயது இளையவன். ஐயா இறந்த பிறகு அவனுக்கு நீச்சல் பழக்கியதும் நான்தான், அடித்ததும் நான்தான். ஐப்பசி மாதக் கடைசியில் ஹோட்டலுக்குத் தொலைபேசி எடுத்தான்.

"அண்ணை, ஒரு கப்பல் சரிவந்திருக்கு. நீங்களும் வாங்கோ."

"எங்கை போற கப்பல்?"

"அமெரிக்காப் பக்கம். கனடாவோ அமெரிக்காவோ, இறங்கினாப் பிறகுதான் தெரியும்."

"என்ன கப்பல்? எவ்வளவு பெரிசு? ஆர் ஓட்டுறது?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது அண்ணை. நீங்கள் பக்கத்திலை இருந்தா எனக்குப் பயமில்லை, அதுதான் கேக்கிறன்."

எனக்கு உச்சிக்கு ஏறிவிட்டது. கார்த்திகையில் வடகடலும் அதற்கப்பால் அந்தப் பெரிய கடலும் எப்படி இருக்கும் என்று பாய்க்கப்பல்காரன் பிள்ளைக்குத் தெரியாதா? யாரென்று தெரியாதவன் ஓட்டுகிற, பெயர் தெரியாத கப்பலில் ஏறுவானாம், எனக்கும் இடம் கேட்பானாம். பின்னால் சமையல்காரர் வேறு நின்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் கத்தினேன்.

"உனக்கென்ன விசரோ? நான் வரமாட்டன். நீ போ. எங்கையெண்டாலும் போய்த் துலை."

அவன், "சரி அண்ணை, வாறன்" என்று மட்டும் சொன்னான். தொடர்பு அறுந்துவிட்டது.

ஐயாவின் ஆட்கள் வைத்திருந்த பட்டியலில் நான் கேலி செய்யாத ஒன்றே ஒன்று அதுதான். கப்பல் ஏறுகிறவனைப் பார்த்துப் போ என்று எங்கள் ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள். கடன்காரன்கூடச் சொல்லமாட்டான். நான் என் சொந்தத் தம்பிக்குச் சொல்லிவிட்டேன். அன்றைக்கே உட்கார்ந்து, பிழையாகச் சொல்லிப்போட்டேன், நீ இங்கே வா என்று நாலு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அவனே எடுக்கட்டும் என்ற வீம்பு. நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று மூன்று கிழமை, இருபத்தொரு நாள், போய்விட்டது. அவனும் எடுக்கவில்லை. ஒவ்வொரு முறை தொலைபேசி அடிக்கும்போதும் நான் கழுவுகிற கோப்பையை அப்படியே பிடித்துக்கொண்டு காது கொடுப்பேன். யாராவது அறை பதிவு செய்ய எடுத்திருப்பார்கள்.

கார்த்திகையில் இன்டர்லாக்கனில் உல்லாசப் பயணிகள் இல்லை, ஹோட்டலைப் பூட்டிவிடுவார்கள். சும்மா இருந்தால் எனக்கு விசர் பிடித்துவிடும் என்று முதலாளிக்குத் தெரிந்துவிட்டதோ என்னவோ, பிரியன்ஸ் ஏரிக்கரையில் ஒரு கிராமத்துக் கிறிஸ்தவ வேதக்கோயிலில் துப்புரவு வேலை இருக்கிறது, நாலு நாள் செய் என்று அனுப்பினார். கோயிலைப் பார்த்துக்கொள்பவர் ஹன்ஸ் என்கிற எழுபது வயதுக்காரர். ஊரே அவரை வெறும் ஹன்ஸ் என்று கூப்பிடும், நான் மரியாதைக்கு ஹெர் ஹன்ஸ் என்பேன். அப்படிச் சேர்த்துச் சொல்வது பிழையாம், ஆனாலும் அவருக்கு அது பிடித்திருந்தது.

முதல் நாள், செவ்வாய்க்கிழமை. பின்னேரம் இரண்டரை மணி இருக்கும். ஏரி முழுக்கப் புகாராகப் பனிமூட்டம் இறங்கி, கோயில் வாசலில் நின்றால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. ஹன்ஸ் கோயிலுக்கு வெளியே சூடாக்கி அறையில் எதையோ திருத்திக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே ஒரு வாளி சுடுதண்ணீரையும் துணியையும் என் பக்கம் தள்ளி, "கங் இஸ் ஷிஃப், ட்பேங்க் பூட்ஸெ" என்றார்.

எனக்கு ஒரே சந்தோசம், ஒரு முழு வசனம் அப்படியே விளங்கிவிட்டது. ஷிஃப் என்றால் கப்பல். பேங்க் என்றால் எங்கள் ஊர் வாங்குதான், நாலைந்து பேர் சேர்ந்து உட்காருகிற நீள இருக்கை. கப்பலுக்குப் போய் வாங்குகளைத் துடை. கோயிலுக்குக் கீழே ஏரியில் பயணிகள் கப்பல் வந்து நிற்கும் இறங்குதுறை இருந்ததை வரும்போதே பார்த்திருந்தேன். வாளியைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கினேன்.

கப்பல் நின்றது.

நான் அதைச் சாதாரணமாகத்தான் பார்த்தேன், பயப்படவில்லை. ஆனால் பாய்க்கப்பல்காரன் பிள்ளை அல்லவா, கண் தானாக அளக்கும். ஏரியில் ஓடுகிற கப்பலுக்கு இவ்வளவு வயிறு தேவையில்லை. இது கடலுக்குக் கட்டியது. முழுக்க மரம், ஓர் இரும்புத் தகடு கிடையாது. இரண்டு பாய்மரங்கள் புகாருக்குள் ஏறி மறைந்தன. பலகை இடுக்குகளில் நார் வைத்துக் கீல் பூசி அடைத்திருந்த வேலை நல்ல கைவேலை, ஐயா பார்த்திருந்தால் தடவிப் பார்த்திருப்பார். நான் தடவிப் பார்த்தேன். கையில் கீல் ஒட்டியது.

உள்ளே ஆட்கள். மேல்தட்டிலிருந்து ஏணியில் கீழே இறங்கினால் நீளமாக வரிசை வரிசையாய் வாங்குகள், அதில் ஆண்களும் பெண்களும் பிள்ளைகளுமாக நெருக்கி இருந்தார்கள். கறுத்த நீள உடுப்பு, பெண்களின் தலையில் துணி, காலடியில் மரப்பெட்டிகள். ஏதோ ஊர்த் திருவிழா, பழைய காலத்து வேசம் போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். இந்த நாட்டில் எதையாவது கொண்டாடிக்கொண்டே இருப்பார்கள், நமக்கு எதற்கு என்று துடைக்கத் தொடங்கினேன். ஒவ்வொருவராகக் கொஞ்சம் எழும்பி இடம் விட்டார்கள், துடைத்ததும் இருந்தார்கள். யாரும் என்னை உற்றுப் பார்க்கவில்லை. இந்த நாட்டில் ஓர் அறைக்குள் நான் நுழைந்து யாருமே உற்றுப் பார்க்காமல் விட்டது அதுதான் முதல் தடவை. அவர்கள் இருந்த விதம் எனக்கு நன்றாகத் தெரிந்ததாக இருந்தது. மடியில் மூட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பெயர் கூப்பிடும்வரை பேசாமல் இருப்பது. அகதி விண்ணப்ப அலுவலகத்து மண்டபத்தில் நாங்களும் அப்படித்தான் இருந்தோம்.

முன்வரிசை வாங்கின் ஓரத்தில் ஒரு பெண் இருந்தாள், முப்பது வயது இருக்கும். அவளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இருக்கக்கூடிய இடம் வெறுமையாக இருந்தது. அத்தனை நெருக்கத்திலும் அந்த இடம் மட்டும். அவள் அதன்மேல் உள்ளங்கையை விரித்து வைத்திருந்தாள். பேருந்தில் பின்னால் வருகிறவருக்கு இடம் பிடித்து வைப்போமே, அதே மாதிரி. நான் துணியோடு நின்றேன்.

"ஃப்யூர் ஏ ப்ருவெடர்" என்றாள்.

சகோதரனுக்கு. ப்ருவெடர் என்ற சொல் எனக்குத் தெரியும், விண்ணப்பப் படிவத்தில் எத்தனை ப்ருவெடர் என்று கேட்டிருந்தார்கள், ஒன்று என்று எழுதிக் கொடுத்தவன் நான். அவள் கையை எடுத்தாள். நான் அந்த இடத்தைத் துடைத்தேன், ஒருமுறை துடைத்தால் போதும், மூன்று முறை துடைத்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. குணத்துக்கு யார் இப்படி இடம் பிடித்து வைப்பார்கள், எந்தக் கப்பலின் எந்த மூலையில் அவன் குந்திக்கொண்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டே துடைத்தேன். உண்மையைச் சொன்னால், அந்த இடத்தில் நானே இருந்துவிட வேண்டும்போல் ஆசையாக இருந்தது. கேள்வி இல்லை, படிவம் இல்லை, எங்கே போகிறதோ அங்கே போய்ச் சேரலாம். அவன் அங்கே இருப்பான்.

அப்போது மேலே கோயில் மணி மூன்று அடித்தது. ஹன்ஸ் என்னைக் கூப்பிடுகிற சத்தமும் கேட்டது. நான் வாளியைத் தூக்கினேன். பேசாமல் போவது மரியாதை இல்லை. சூஸ் என்று சொல்ல வேண்டும் என்று எனக்குப் படிப்பித்திருந்தார்கள், ஆனால் நெஞ்சு நிறைந்திருக்கும்போது வாய் படித்ததைச் சொல்லாது. அவளைப் பார்த்து, "இஷ் கொம்மெ" என்றேன்.

அவள் தலையாட்டினாள். கையைத் திரும்பவும் அந்த இடத்தின்மேல் வைத்துக்கொண்டாள்.

நான் படியேறி மேலே வர, ஹன்ஸ் மூச்சு வாங்க எதிரே இறங்கி வந்தார். எங்கே போனாய் என்று கேட்டார். ஷிஃப்புக்கு என்றேன். எந்த ஷிஃப் என்றார். கீழே காட்டினேன். புகார் கொஞ்சம் விலகியிருந்தது, இறங்குதுறை தெரிந்தது. அதில் ஒன்றுமில்லை. ஹன்ஸ் என் கையைப் பிடித்துக் கீழே கூட்டிக்கொண்டு போனார். பலகைகளின்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது, அதில் என் சப்பாத்துத் தடம் மட்டும். தண்ணீரின் விளிம்புவரை போயிருந்தது, விளிம்பிலிருந்து திரும்பி வந்திருந்தது. விளிம்புக்கு அப்பால் ஏரி, அந்த இடத்தில் நல்ல ஆழம்.

ஹன்ஸ் அந்தத் தடத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், நான் அழுதிருந்தது தெரிந்தது. மனிதர் வேறு விதமாக விளங்கிக்கொண்டார். என் தோளைச் சுற்றிக் கையைப் போட்டவர் கோயிலுக்குள் வந்து சேரும்வரை எடுக்கவில்லை. குளிர்காலத்தில் இந்தத் துறைக்குக் கப்பலே வருவதில்லை என்று மெதுவாக, பிள்ளைக்குச் சொல்வதுபோல் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். பிறகு கையை விரித்து, சனங்கள் இருந்து கும்பிடுகிற அந்த நீள மண்டபத்தைக் காட்டினார்.

"தாஸ் இஷ் ட்ஷிஃப்" என்றார்.

கோயிலின் நடு மண்டபத்துக்கும் அவர்கள் கப்பல் என்றுதான் சொல்வார்களாம். இதுதான் ஷிஃப், இந்த வாங்குகளைத்தான் துடைக்கச் சொன்னேன் என்று சிரித்தார், நானும் பாதிச் சிரிப்புச் சிரித்தேன். நிமிர்ந்து பார்த்தேன், மரக்கூரை கவிழ்த்து வைத்த கப்பலின் வயிறாகவே வளைந்திருந்தது. வாங்குகள் முழுக்கத் தூசி, விரலால் பெயர் எழுதலாம். முன்வரிசைக்கு வந்தபோது ஹன்ஸின் சிரிப்பு நின்றுவிட்டது. ஓரத்திலிருந்து இரண்டாவது இடம், ஓர் ஆள் இருக்கிற அகலத்துக்கு, துடைத்திருந்தது. ஈரம் காயவில்லை. நீங்கள் துடைத்தீர்களா என்று கேட்டேன். நான் இல்லை என்றார். கோயில் பூட்டியே கிடந்தது, திறந்துவிட அவர் மறந்திருந்தார், திறப்புச் சாவி அவருடைய இடுப்பில்தான் தொங்கியது.

மிச்சக் கதை அடுத்த வருடம், எனக்குக் கொஞ்சம் மொழி வந்த பிறகு, ஹன்ஸ் சொல்லித்தான் தெரியும். சுவரில் ஒரு பழைய பலகையில் பெயர்கள் இருந்தன. முந்நூறு வருடத்துக்கு முன் அந்த ஊரில் சில குடும்பங்கள் துவக்குத் தூக்கிச் சண்டைக்குப் போகமாட்டோம், எங்கள் முறைப்படிதான் கும்பிடுவோம் என்று நின்றார்களாம். அரசாங்கம் அவர்களைப் படகில் ஏற்றி ஆற்று வழியே அனுப்பியது, அங்கிருந்து பெரிய கப்பலில் அமெரிக்காவுக்கு. பாதிப் பேர் கடலிலேயே போய்விட்டார்கள். அவர்கள் ஒருவரை ஒருவர் ப்ருவெடர், சகோதரன் என்றுதான் கூப்பிடுவார்களாம். இங்கே மிஞ்சிய சொந்தக்காரர்கள், போனவர் இருந்த இடத்தில் கடிதம் வரும்வரை யாரையும் இருக்கவிடமாட்டார்களாம். அந்த முன்வரிசை இடம் யாருடையது என்று கேட்டேன். அது தெரியாது, ஆனால் என் அம்மா என்னை அதில் இருக்கவிட்டதில்லை என்றார்.

இவ்வளவோடு முடிந்திருந்தால் நான் என்னைச் சமாதானப்படுத்தியிருப்பேன். கவலையில் இருந்தவன், புகார், சொல் விளங்காத குழப்பம், ஏதோ கனவு மாதிரி. துடைத்த ஈரத்துக்கும் ஏதாவது காரணம் கண்டுபிடித்திருப்பேன், பௌதிகம் படித்தவன்தானே.

தை மாதம் ஒரு கடிதம் வந்தது. குணத்தோடு ஒரே அறையில் இருந்த பையன், காரைநகர்ப் பக்கம், எழுதியிருந்தான். குணம் வெளிக்கிட்டு இரண்டு மாதமாகிறது, உங்களுக்கு ஏதும் தகவல் வந்ததோ என்று கேட்டிருந்தான். அவன் போன நாள் கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம். திகதியும் போட்டிருந்தான். நான் வாளி தூக்கிக்கொண்டு படியிறங்கின அதே நாள். அதன் கீழே இருந்த வரிகள் எனக்கு மனப்பாடம், அவன் எழுதினபடியே சொல்கிறேன்.

"வெளிக்கிட முதல் ரெண்டு மூண்டு கிழமையும் அவன் சரியாச் சாப்பிடேல்லை, அண்ணை என்னைப் போ எண்டு சொல்லிப்போட்டார் எண்டு அழுதுகொண்டிருந்தவன். ஆனா அண்டைக்குப் பின்னேரம் நல்ல சந்தோசமாத்தான் வெளிக்கிட்டவன். அண்ணை வாறன் எண்டு சொல்லிப்போட்டார், பக்கத்திலை இடம் பிடிச்சு வைக்கப்போறன் எண்டு சொன்னவன். நீங்கள் போன் எடுத்தனீங்களோ?"

நான் எடுக்கவில்லை. கடிதமும் எழுதவில்லை. அந்த மூன்று கிழமையில் நான் வாறன் என்று சொன்னது ஒரே ஓர் ஆளிடம்தான்.

குணத்தைப் பற்றி அதற்குப் பிறகு எந்தத் தகவலும் இல்லை. அந்தக் கப்பல் புறப்பட்டதா, போய்ச் சேர்ந்ததா, என்ன பெயர், எதுவும் தெரியவில்லை. காணாமல் போனவர்களைத் தேடுகிற அலுவலகங்களுக்கு எத்தனையோ முறை எழுதினேன், கனடாவில் இருந்து வருகிற ஒவ்வொருவரையும் கேட்டேன். எனக்கு விசா கிடைத்தது, கல்யாணம் நடந்தது, ஓர்லிகோனுக்கு வந்தோம், பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள். "உங்கடை தம்பி கோபமில்லாமல்தானே போயிருக்கிறார், அது போதாதோ" என்று மனைவி வசந்தி கேட்பாள். போதும்தான். ஆனால் அவன் இடம் பிடித்து வைத்துக்கொண்டு எங்கே இருக்கிறான்?

வருடத்தில் ஒருமுறை, கார்த்திகையில், நான் அந்தக் கோயிலுக்குப் போவேன். ஹன்ஸ் இறந்து கனகாலம். இப்போது வாங்குகளுக்குச் சிவப்பு மெத்தை போட்டிருக்கிறார்கள். முன்வரிசையில் ஓரத்திலிருந்து இரண்டாவது இடத்துக்குப் பக்கத்தில் நிற்பேன், இருக்கமாட்டேன். போன வருடம் வசந்தியும் வந்தாள். எனக்கும் வயதாகிவிட்டது, இதோடு போதும், இந்த முறை போறன் என்று சொல்லி முடித்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் ரயில் ஏறினேன். வாசல்வரை வந்து திரும்பிப் பார்த்தேன். போறன் என்று சொன்னால் அவன் பாவம், கையை எடுத்து அந்த இடத்தை வேறு யாருக்காவது விட்டுக்கொடுத்துவிடுவான்.

"வாறன்" என்றேன்.

"ஆருக்குச் சொல்லுறியள்?" என்று வசந்தி கேட்டாள். நான் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.